பின்சீட்டுக்கு அடியில் இருந்த சேசிஸ் நம்பர்

மூன்று முறை அலைந்து, போன வாரம்தான் என் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பெயர் மாற்றம் முடிந்தது. விண்ணப்பம், கட்டணம், கையெழுத்து எல்லாம் ஒரே நாளில் ஆகிவிட்டது. மாட்டிக்கொண்டது சேசிஸ் நம்பரில்தான், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் அடையாள எண்ணில்.

முதல் தடவை சரிபார்க்க வந்தவர் முன்கண்ணாடி வழியாக டேஷ்போர்டைப் பார்த்தார். கதவைத் திறந்து தூணைப் பார்த்தார். "நம்பரே இல்லையே சார், யாராவது அழிச்சிட்டாங்களா?" என்றார். இது 1967-இல் பதிவான வண்டி, 17 எழுத்து நம்பரெல்லாம் 1980-களில்தான் பரவலாக வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். "நம்பரைக் கண்டுபிடிச்சிட்டு வாங்க" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பீட்டிலில் முன்பக்க டிக்கிக்குள் நம்பர் போட்ட ஒரு சின்னத் தகடு இருக்க வேண்டும். என் வண்டியில் இரண்டு ரிவெட் ஓட்டைகள்தான் இருந்தன. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் சேசிஸ் நம்பர் 'எச்' எழுத்தில் தொடங்குகிறது. அந்த எச்சைத் தேடி இரண்டு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். கண்ணில் மண் விழுந்ததுதான் மிச்சம்.

கடைசியில் பழைய மெக்கானிக் ஒருவரிடம் கேட்டேன். "பின்சீட்டைத் தூக்குங்க தம்பி, நடுவுல டனல் மேலே இருக்கும்" என்றார். டனல் என்பது வண்டித் தரையின் நடுவே நீளமாக ஓடும் மேடு. தூக்கினேன். பீட்டிலில் பேட்டரியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஐம்பது வருட ஆசிட் ஆவியில் சுற்றுவட்டாரமே துரு. டனல் மேல் மூன்று நான்கு கோட்டிங் பெயிண்ட் வேறு.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கிரைண்டரோ உப்புத்தாளோ வேண்டவே வேண்டாம். அடித்த நம்பரின் ஆழம் கொஞ்சம்தான். தேய்த்தால் நீங்களே அழித்தவர் ஆகிவிடுவீர்கள், அப்புறம் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. மங்கியிருக்கிறதே என்று அதன் மேலேயே மறுபடி அடிப்பதும் அப்படித்தான். நான் பேட்டரி இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தேன். அதன் பிறகும் நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இருட்டிய பின் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தபோது நிழல் விழுந்து நம்பர் எழுந்து நின்றது! ஒரு இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்று குழப்பியது. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்ததும் எட்டு என்று உறுதியானது.

சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. நம்பர் 118 என்று தொடங்கியது. புத்தகத்தில் இருப்பதோ எச். திருட்டு வண்டியை வாங்கிவிட்டோமோ என்று அன்று இரவு தூக்கமே இல்லை. மறுநாள் காலையில்தான் பின்னால் இன்ஜினைத் திறந்து பார்க்கத் தோன்றியது. ஜெனரேட்டர் தாங்கிக்குக் கீழே, இன்ஜின் மேலேயே, அந்த எச் நம்பர்! எந்தக் காலத்திலோ ஒரு மகராசன் இன்ஜின் நம்பரை சேசிஸ் கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார். நானும் இல்லாத ஒன்றைத் தேடியிருக்கிறேன்.

இரண்டாவது தடவை இரண்டு நம்பரின் பென்சில் பிரதியோடும் போனேன். இப்போது வேறு சிக்கல். 1965 மாடலிலிருந்து பீட்டில் நம்பரில் முதல் இரண்டு இலக்கம் வண்டி வகை, மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டு. இதை வாய் சும்மா இராமல் நானே விளக்கினேன். "அப்ப இது 68 சார், புத்தகத்துல 67-ன்னு இருக்கே" என்று பிடித்துக்கொண்டார். ஃபோக்ஸ்வாகனின் மாடல் ஆண்டு அப்போது முந்தைய வருட ஆகஸ்ட்டிலேயே தொடங்கிவிடும் என்று சொன்னால், எழுத்தில் கேட்டார். ஜெர்மனியில் வொல்ஃப்ஸ்பர்க்கில் இருக்கும் ஃபோக்ஸ்வாகன் மியூசியத்துக்குச் சேசிஸ் நம்பரை அனுப்பி, வண்டிக்கான பிறப்புச் சான்றிதழ் வாங்கினேன். 1967 அக்டோபரில் தயாரானது என்று அதில் இருந்தது. இதை முதலிலேயே வாங்கியிருந்தால் ஒரு அலைச்சல் மிச்சம்.

மூன்றாவது தடவை அவரே டார்ச்சை வாங்கிக் குனிந்து பார்த்துவிட்டு, "அட, இங்கயா வச்சிருக்கான்?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை பாடு!

ஒன்று சொல்ல மறந்தேன். பின்சீட்டைத் திரும்ப வைக்கும்போது பேட்டரி மூடியை மறக்காதீர்கள். சீட்டின் ஸ்பிரிங் டெர்மினலில் பட்டால் தீப்பிடிக்கும். எனக்குப் பொறி பறந்ததோடு போயிற்று.

புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் பிரித்துப் பார்த்தேன். சேசிஸ் கட்டத்தில் 118, சரியாக இருந்தது. இன்ஜின் கட்டத்திலும் அதே 118. அங்கேயே நின்று திருத்தி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.