மலையும் மாலையும்

"ஏற்றுகிற கோப்பை, பயனர் கொடுக்கிற பெயரிலேயே எதுக்குச் சேமிக்கணும்? டிஸ்கில் ஒரு ஐடி, உண்மையான பெயர் டேட்டாபேஸில், போதாதா?" கோட் ரிவியூவில், நான் எழுதிய கோடைச் சரிபார்த்தவர் கேட்டது இதுதான். வேண்டாம், பெயரைச் சுத்தம் செய்ய ஃபங்ஷன் இருக்கிறது என்றேன். "தமிழ்ப் பெயர் வந்தா?" "அதையும் பார்த்துக்கும்."

அந்த ஃபங்ஷனுக்காக நான் நிறையவே உழைத்திருந்தேன். இரண்டு புள்ளியும் சாய்கோடும் போட்டு வேறு ஃபோல்டருக்குத் தாவும் பெயர், விண்டோஸ் ஏற்காத முக்காற்புள்ளி, கேள்விக்குறி, கடைசியில் வரும் புள்ளி, லினக்ஸில் இரண்டாகவும் விண்டோஸில் ஒன்றாகவும் ஆகிவிடும் பெரிய எழுத்து சின்ன எழுத்துப் பெயர்கள், எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எழுதினேன். எல்லாம் ஆங்கிலப் பெயர்கள்.

எழுத்து அல்லாததை எல்லாம் நீக்குவதுதான் என் ஃபங்ஷனின் வேலை. ஆனால் பைத்தான் மொழியின் ரெகெக்ஸில், அதாவது எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறையில், 'எழுத்து' என்று நாம் போடும் குறி, தமிழின் துணைக்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளாது. 'விண்ணப்பம்' உள்ளே போனால் 'வணணபபம' என்று வரும். அசிங்கமாக இருப்பதோடு முடிந்திருந்தால் சரி. 'மலை' என்றொரு கோப்பு ஏறியது, அப்புறம் 'மாலை'. இரண்டுமே 'மல' ஆகி, இரண்டாவது முதலாவதன் மேல் எழுதிவிட்டது. எர்ரர் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. அந்த முதல் கோப்பு திரும்பக் கிடைக்கவில்லை.

நான் மறுத்ததற்கும் காரணம் இருந்தது. டேட்டாபேஸ் போய்விட்டால் வெறும் ஐடிகளை வைத்துக்கொண்டு எது யாருடையது என்று எப்படிச் சொல்வது? அந்தக் கேள்வி இன்றும் சரி என்றுதான் நினைக்கிறேன். அனுமதித்த எழுத்துகளை மட்டும் உள்ளே விடு என்பதும் பாதுகாப்புக்கு எல்லோரும் சொல்லும் வழிதான். ஆனால் பெயர் தெரிய வேண்டும் என்று வாதாடிய நானே பெயரை அழிக்கும் கோடை எழுதியிருக்கிறேன். நாள் முழுக்கத் தமிழில் டைப் செய்கிறவன், ஒரே ஒரு தமிழ்ப் பெயரைப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது அவர் சொன்னபடியே மாற்றிவிட்டோம். மேக் கணினியிலிருந்து வரும் பெயரில் 'கொ' சில சமயம் கொம்பும் காலும் பிரிந்து, 6 பைட்டுக்குப் பதில் 9 பைட்டாக வருகிறது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் டேட்டாபேஸில் வைக்கும் பெயரை யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டு முறை) வகுத்த வழியில் ஒரே வடிவமாக்கித்தான் ஒப்பிடுகிறோம். அதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அன்றைய பதிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் இன்னும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.