கூரை இல்லாத காரும் எங்கூரு மழையும்

முந்தாநாள் ராத்திரி ரொட்டி சுட்டுக்கிட்டே எங்கம்மா சொன்னத மொதல்ல எழுதிர்றேன், இல்லாட்டி மறந்துருவேன். "லயத்துல தகரம் ஒழுகுது ஒழுகுதுன்னு தொரைகிட்ட சொல்லியே என் காலம் போச்சு. நீ என்னடான்னா காசு குடுத்து கூரை இல்லாத காரா பாத்து வாங்கப் போறேங்கிற." என்கிட்ட பதில் இல்ல. என் வீட்டுக்காரி சிரிச்ச சிரிப்புல ரொட்டி ஒன்னு தீஞ்சே போச்சு.

விசயம் இதான். நுவரெலியாவுல ஒரு பெரியவர் வீட்டு ஷெட்டுல யூனோஸ் ரோட்ஸ்டர்னு துணிக் கூரைய மடக்கிட்டு ஓட்டுற கார் ஒன்னு நிக்குது, செவப்பு கலர், 1990 மொடல், மேனுவல் கியர். வெளிநாட்டுல எம்எக்ஸ்-5ன்னு சொல்றாங்களே அதே மாஸ்டா தான், ஜப்பான்ல அப்ப யூனோஸ்ங்கிற பேர்ல வித்தாங்க. 1989 பெப்ரவரி மாசம் சிக்காகோ கார் கண்காட்சியில மொதல்ல காட்டுனது, 2016ல பத்து லட்சமாவது கார் வெளிய வந்துருச்சு, ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்ல உலகத்துலயே அதிகமா வித்தது இதான்னு கின்னஸ்லயும் இருக்கு. ஏப்ரல் சீசனுக்கு மஹாகஸ்தோட்டயில மலையேறுற ரேஸ் பாக்க அப்பா தோள்ல ஒக்காந்து போன காலத்துல இருந்தே எனக்கு இந்த மாதிரி குட்டிக் கார் மேல ஒரு கிறுக்கு, அத ஒத்துக்கிறேன்.

வெலைய இங்க எழுத மாட்டேன், எழுதுனா என் மாமியார் படிச்சிருவாங்க. 2020 மார்ச்ல இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டுனதுல இருந்து நாட்டுக்குள்ள இருக்குற பழைய காருக்கு எல்லாம் தங்கம் மாதிரி வெல, 2025 பெப்ரவரியில மறுபடி தொறந்து விட்டாங்க தான் ஆனா வரிய கேட்டா தலை சுத்துது, அதனால புதுசு பக்கம் நம்ம தலையே வைக்க முடியாது. பெரியவர் கேக்குற காசுக்கு நல்ல வேகன் ஆர் ஒன்னு வரும். வீட்டுக்காரி வேகன் ஆர் கட்சி. நாலு பேர் போகலாம், பெட்ரோல் குடிக்காது, எங்கூரு தலவாக்கல டவுன்ல எந்த கராஜ்லயும் சாமான் கெடைக்கும், எல்லாம் சரிதான், வாதாட ஒன்னுமே இல்ல. கடைக்கு சாமான் ஏத்துற வேன் ஒன்னு ஏற்கனவே இருக்குல்லன்னு நான் சொன்னேன், "கல்யாண வீட்டுக்கு என்னைய வேன்ல ஏத்திட்டு நீங்க செவப்பு கார்ல வருவீங்களா"ன்னு கேட்டுச்சு. அதோட அந்த பேச்ச விட்டுட்டேன்.

போன மாசம் ஓட்டிப் பாக்கப் போனேன். காலையில ஏழு மணி, நுவரெலியா குளிருக்கு வாயத் தொறந்தா புகை வருது. நான் நேரா கூரைய மடக்கப் போனதும் பெரியவர் பதறிப் போயி கையப் புடிச்சுட்டாரு. இதுல பின் கண்ணாடி கண்ணாடியே இல்ல, பிளாஸ்டிக். மொதல்ல சுத்தி இருக்குற ஜிப்ப கழட்டி அத மெதுவா கீழ படுக்க வச்சிட்டு தான் கூரைய மடக்கணும், அதுவும் இந்த குளிர்ல பிளாஸ்டிக் வெறச்சுப் போயி இருக்கும், அவசரப்பட்டா நடுவுல கீறல் விழுந்துரும்னாரு. ஒரு பழைய துண்ட வெந்நில நனைச்சு புழிஞ்சு அது மேல போட்டு, ரெண்டு நிமிசம் நின்னு, அப்புறம் தான் ஜிப்ப தொட்டாரு, கொழந்தைக்கு ஒத்தடம் குடுக்குற மாதிரி. இத அடுத்து வந்த என்பிங்கிற ரெண்டாவது மொடல்ல கண்ணாடியா மாத்திட்டாங்க, ஆனா அதுல மேல எந்திரிக்கிற தவளக் கண்ணு லைட் இல்ல, எனக்கு அந்த லைட் தான் வேணும், என்ன செய்ய.

சீதையம்மன் கோயில் தாண்டி ஹக்கல வரைக்கும் போனோம். 1600 சிசி எஞ்சின், ஜப்பான் கணக்குல 120 குதிரை. ஆனா நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1868 மீட்டர், காத்து மெல்லிசு, டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஆறுல ஒரு பங்காவது இங்க தானா கொறஞ்சிரும், ஆக நம்ம மலையில அது நூறு குதிரை தான். டர்போ வச்ச குட்டிக் காருங்க, சுசுக்கி கெப்புச்சினோ, டைஹட்சு கோப்பன் ரெண்டும் இந்த விசயத்துல தேவல, 660 சிசிக்குள்ள இருந்தாலும் மேட்டுல மூச்சு வாங்காது, ஆனா கெப்புச்சினோவுல நான் ஏறி ஒக்காந்தா முட்டி ரெண்டும் தாடைக்கு வருது. ஹோண்டா எஸ்2000 வாங்குடான்னு கூட்டாளி ஒருத்தன் சொன்னான், 9000 ஆர்பிஎம் போகுமாம். நம்ம ரோட்டுல அம்பது மீட்டருக்கு ஒரு வளைவு, எங்க போயி 9000 போறது.

யூனோஸ் 940 கிலோ தான், பின் வீல் இழுக்குது, ரெண்டாவது கியர்லயும் மூணாவது கியர்லயுமே முழு மலையும் ஏறிருது. முப்பது நாப்பதுல போறப்பவே ஏதோ பெருசா செய்ற மாதிரி ஒரு சந்தோசம். வளைவுல எதிர்ல பஸ் வந்தப்ப தான் வயிறு கலங்குச்சு, நான் ஒக்காந்திருக்குற ஒசரத்துக்கு பஸ்ஸோட வீல் நட்ட எண்ணலாம், அது விட்ட கரும்புகை முழுக்க என் மடியில. ஹீட்டர போட்டா காலு ரெண்டும் வெந்நியில வச்ச மாதிரி, காது ரெண்டும் ஐஸ்.

அடுத்த தடவ எங்க மெக்கானிக் பாஸ கூட்டிட்டுப் போனேன், முப்பது வருசமா மாஸ்டா ஃபெமிலியா வேலை செஞ்ச கை, இந்த எஞ்சினும் அதே குடும்பம் தான். அவரு போன ஒடனே டோர்ச் அடிச்சு எஞ்சின் முன்னாடி இருக்குற கிராங்க் புல்லியில, அதான் பெல்ட் சுத்துற சக்கரத்துல, வெட்டு எத்தனைன்னு எண்ணுனாரு. ஆரம்பத்துல வந்த வண்டியில நாலு வெட்டு, அதுக்கு கிராங்க் தண்டோட மூக்கு குட்டை, புல்லிய புடிச்சு வைக்கிற சாவி குழி தேஞ்சு ஆட ஆரம்பிச்சிரும், பிற்பாடு மூக்க நீளமாக்கி எட்டு வெட்டு வச்சாங்களாம். நமக்கு வந்தது நாலு. "ஆடலண்ணே, ஆனா டைமிங் பெல்ட் மாத்துறப்ப எவனையும் அந்த போல்ட்ட சும்மா முறுக்க விடாதீங்க"ன்னாரு. பெல்ட் அறுந்தாலும் வால்வு வளையாத எஞ்சின்ங்கிறது ஒரு ஆறுதல்.

அப்புறம் தான் கார்ப்பெட்ட அமுக்குனாரு. தண்ணி பொங்கிட்டு வந்துச்சு.

கூரைத் துணி மேல விழுற மழைத்தண்ணி, சீட்டுக்கு பின்னாடி ரெண்டு மூலையிலயும் இருக்குற ஓட்டை வழியா கீழ எறங்கி வெளிய போகணும், நம்ம தேயிலை மலையில தண்ணி ஓட கான் வெட்டி விடுறமே அதே கணக்கு தான். பெரியவர் வீட்டு ஷெட்டுக்கு மேல ஒரு சைப்ரஸ் மரம், ஷெட்டு தகரத்துல பாதி இல்ல, உதுந்த எல பூரா அந்த ஓட்டையில அடைச்சு கருப்பு களியா கெடக்கு. கான் அடைச்சா மலை சரியும், இங்க கான் அடைச்சா கதவுக்கு கீழ இருக்குற தகடு உள்ளுக்குள்ளயே துரு புடிச்சு போயிரும், வெளிய பெயின்ட் மட்டும் பளபளன்னு இருக்கும். பாஸ் புல்லு வெட்டுற மெசினோட நைலோன் கயிறு ஒரு முழம் கொண்டு வந்திருந்தாரு, கம்பி விட்டா உள்ள இருக்குற குழாய் கிழிஞ்சிரும், கயிறு வளைஞ்சு குடுக்கும். மெதுவா விட்டு விட்டு எடுத்தாரு. அரை மணி நேரம் கழிச்சு பின் டயருக்கு முன்னாடி கருந்தேத்தண்ணி மாதிரி கொட்டுச்சு. துரு எவ்வளவுன்னு தட்டிப் பாத்ததுல வலது பக்கம் சத்தம் சரியில்ல. அதுக்கு வெலையில கொறைக்கச் சொல்லிருக்கேன், பெரியவர் முடியாதுன்னும் சொல்லல சரின்னும் சொல்லல, டீ குடிக்கச் சொன்னாரு.

இப்ப மழைக் கணக்கு. வீட்டுல எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி, இந்த ஊர்ல எத்தன நாளு கூரைய தொறப்ப? சரின்னு கடை காலண்டர்ல குறிச்சேன். ஜூன் ஒன்னுல இருந்து ரெண்டு மாசம், ஒரு மணி நேரமாவது தொறந்து ஓட்டக் கூடிய நாளுக்கு ஒரு வட்டம். தலவாக்கலயில பதினோரு வட்டம். அத வீட்டுக்காரிகிட்ட காட்டவே இல்ல, காலண்டர திருப்பி மாட்டிட்டேன். ஆனா அதே ரெண்டு மாசத்துல சரக்கு எடுக்க வெலிமட பக்கம் வேன்ல எட்டு தடவ போனேன், எட்டு தடவயும் இந்தப் பக்கம் வைப்பர் போட்டுக்கிட்டே போயி ஹக்கல தாண்டி எறங்க எறங்க ரோடு காஞ்சு கெடக்கு, கெப்பட்டிப்பொலயில வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. தென்மேல் பருவ மழைய நம்ம பக்கத்து மலை வாங்கிக்குது, வெலிமட இருக்குற ஊவா பக்கத்துக்கு காத்து மட்டும் போகுது. ஒக்டோபருக்கு மேல வடகீழ் மழை வந்தா அவங்களுக்கு தான் அதிகம். நம்ம ஊர்ல வெயில் இல்லன்னா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும், தேடிப் போக ஒரு கார் வேணும், இதான் என் வாதம். வேகன் ஆர்லயும் தேடிப் போகலாமேன்னு நீங்க கேட்டா நான் ஒன்னும் கேக்காத மாதிரி இருப்பேன்.

உண்மையா பயமா இருக்குறது ரெண்டு தான். டவுன்ல இருந்து வீட்டுக்கு வர்ற தோட்டத்து ரோட்டுல கடைசி ரெண்டு கிலோமீட்டர், குறுக்க ஓடுற கான் மேல வேனே அடி தட்டும், இந்தக் கார் பூனை மாதிரி தரையில படுத்து கெடக்கு, அத கடையிலயே நிப்பாட்டிட்டு நடந்து வரணும். இன்னொன்னு, மழைக்கு மேட்டுல இருந்து கல்லு உருண்டு வர்ற ரோட்டுல தலைக்கு மேல வெறும் துணி. வாங்குனா மொத செலவு ரோல் பார் தான், தலைக்குப் பின்னாடி வைக்கிற இரும்பு வளைவு, ரேடியோ எல்லாம் பொறகு.

வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன். கூரைய மூடி ரெண்டு வாளி தண்ணிய மேல ஊத்தி, ரெண்டு பக்கமும் கீழ ஒழுங்கா எறங்குதா, கார்ப்பெட் நனையுதான்னு பாக்கணும், காஞ்சு இருந்தா தான் அட்வான்ஸ். இத சொன்னதும் எங்கம்மா தானும் வர்றேன்னுச்சு. தகரம் எங்க ஒழுகுதுன்னு கீழ இருந்து பாத்தே சொல்ற ஆளு அது, சட்டி வைக்க வேண்டிய எடம் தப்பாது. ரெண்டு சீட்டு காருக்கு மூணு பேரா பஸ்ல போறோம்.