தாண்டியைத் தாண்டினால் பெட்ரோல் இல்லை

மணாலியிலிருந்து லே போகும் வழியில், கேலாங்குக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் தாண்டி என்று ஒரு சின்ன ஊர். சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடும் இடம். அங்கே இருக்கும் பெட்ரோல் பங்க்கில் ஒரு பலகை உண்டு, அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று. பைக்கில் போகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். 2018இல் நானும் மைத்துனனும் எடுத்துக்கொண்டோம். டேங்க் நிரப்பிக்கொண்டு, ஒரு ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனிலும் பெட்ரோல் பிடித்து, பின்னால் மூட்டைகளோடு சேர்த்து ரப்பர் கயிற்றில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். எல்லாம் சரியாகத்தான் செய்தோம் என்று நம்பினேன்.

என் வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. டேங்க் 15 லிட்டர். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போய் வந்தால் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மலையில், பின்னால் ஆளும் மூட்டையும் வைத்து, பாதி நேரம் முதல் இரண்டு கியரிலேயே ஏறும்போது அது 25க்கு இறங்கிவிட்டது. 25ஐ 15ஆல் பெருக்கினால் 375. பலகையில் இருக்கும் 365 லே வரைக்குமான தூரம், அதற்கு 35 கிலோமீட்டர் முன்னாலேயே காரு என்ற ஊரில் ஒரு பங்க் இருக்கிறது. ஆக, கணக்குப்படி கேனே தேவையில்லை, அது ஒரு தைரியத்துக்கு என்றுதான் நினைத்தேன்.

சர்ச்சு என்ற இடத்தைத் தாண்டி காட்டா லூப்ஸ் ஏறினோம், 21 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியதும் மைத்துனன் முதுகில் தட்டி, "மாமா, பெட்ரோல் வாடை ரொம்ப அடிக்குது, ஓரமா நிறுத்துங்க" என்றான். இறங்கிப் பார்த்தால் கேன் பலூன் மாதிரி உப்பி, மூடி ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது. தூங்கும் பை, உள்பனியன், ரொட்டிப் பாக்கெட் எல்லாம் பெட்ரோலில் ஊறியிருந்தன. கசிந்தது சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி சைலன்ஸர். அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. காரணம் எளிது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது, ஐயாயிரம் மீட்டரில் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். கீழே இறுக்கி மூடிய கேனுக்குள் இருக்கும் ஆவி அங்கே போய் வெளியே தள்ளுகிறது, வெயிலும் சேர்ந்துகொண்டால் சாதாரண பிளாஸ்டிக் மூடி தாங்காது.

அன்று இரவு பாங் என்ற இடத்தில் கூடாரக் கடையில் தங்கினோம். அடுத்து ஏற வேண்டிய தங்லாங் லா கணவாயில் பனி விழுந்து வழி அடைத்திருக்கிறது, நாளை திறந்தால் உண்டு என்றார்கள். அப்போதுதான் எனக்குச் சரியான கணக்கு பிடிபட்டது. தாண்டியிலிருந்து பாங் வரை சுமார் 190 கிலோமீட்டர். வழி திறக்காவிட்டால் திரும்ப அதே 190. மொத்தம் 380, என் டேங்குக்கு 375. போகும் தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன், திரும்பும் தூரத்தை யோசிக்கவே இல்லை. மறுநாள் பத்து மணிக்கு வழி திறந்தது, போய்ச் சேர்ந்தோம். ஆனாலும் அந்த இரவு முழுக்க மூச்சுத் திணறலோடு படுத்துக்கொண்டு லிட்டர்களை எண்ணிக்கொண்டிருந்தது இன்னும் மறக்கவில்லை.

இப்போது யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: அடுத்த பங்க் எவ்வளவு தூரம் என்று பார்க்காதீர்கள், வழி அடைபட்டால் கடைசிப் பங்க்குக்கே திரும்பி வர முடியுமா என்று பாருங்கள். கூடுதல் பெட்ரோல் அதற்காகத்தான்.

அடுத்த பயணம் 2022இல். அதற்கு ஆறு மாதம் முன்பே கூடுதல் பெட்ரோலை எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். முதலில் பின் கேரியரில் நிரந்தரமாக ஒரு துணை டேங்க் வைத்து, குழாய் போட்டு பிரதான டேங்கில் இறக்கிவிடலாமா என்று பார்த்தேன். அமெரிக்காவில் தூரப் பயணம் செய்கிறவர்கள் இதைப் பிரமாதமாகச் செய்கிறார்கள். அங்கே ஐயர்ன் பட் அசோசியேஷன் நடத்தும் போட்டிகளில் வண்டியில் மொத்தம் 11.5 காலன், அதாவது நம் கணக்கில் 43.5 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம் என்று விதியே இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அது பங்க் இல்லாத ஊருக்காக அல்ல, பங்க்கில் நிற்கும் நேரத்தை மிச்சம் பிடிக்க. இங்கே நிரந்தரமாக எதைப் பொருத்தினாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியதாக ஆகுமோ என்ற தலைவலி வேறு. எனக்கு வருடத்தில் பத்து நாள் தேவைப்படும் பொருளுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் கேன்தான். நம் பெட்ரோலியம் சட்டம் 1934இலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. விற்பனைக்கு அல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இறுக மூடிய பாத்திரத்தில் வைக்க வேண்டும், உலோகப் பாத்திரமாக இருந்தால் 25 லிட்டர் வரை. பிளாஸ்டிக்குக்கு அதில் இடமே இல்லை. ஐந்து லிட்டர் இரும்பு கேன் இரண்டு வாங்கினேன், மூடிக்குப் பெட்ரோல் தாங்கும் ரப்பர் வாஷரோடு.

எங்கே மாட்டுவது என்பதில்தான் நிறைய நேரம் போனது. பின் கேரியரில் வைக்கலாம் என்று கோயம்புத்தூர் கணபதி பகுதியில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் போனேன். அவர் வண்டியை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "கம்பி வளைக்கறது நம்ம வேலைங்க தம்பி, ஆனா பின்னாடி ஆளும் உக்காந்து கேனும் வெச்சீங்கன்னா முன்சக்கரம் லேசாயிருமுங்க, மணல்ல திரும்பாது" என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ, பத்து லிட்டரும் இரண்டு கேனும் சேர்ந்தால் பத்து கிலோவுக்கு மேல். பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் அந்தப் பத்து கிலோ செய்யும் ஆட்டத்தை முன்னால் வைத்தால் உணரவே முடியாது. ஹிமாலயனில் டேங்கின் இரண்டு பக்கமும் கம்பிச் சட்டம் இருக்கிறதே, அது ஹேண்டில்பாரில் அல்ல, சேசிஸில் பிடித்திருப்பது. அங்கே பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினோம். கேனும் கம்பியும் உரசாமல் நடுவில் ரப்பர் ஷீட், ரப்பர் கயிற்றுக்குப் பதில் இறுக்கும் பக்கிள் வைத்த பட்டை. வெல்டிங் செய்த இடங்களை அண்ணனே மறுபடி வரச்சொல்லி, வாளையார் வரை ஓட்டிக் காட்டிய பிறகு விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

நிரப்பும்போது கேனை வண்டியிலேயே வைத்துப் பிடிக்காதீர்கள். கழற்றித் தரையில் வைத்து, நாஸில் கேனின் வாயைத் தொட்டபடியே நிரப்ப வேண்டும், நிலை மின்சாரம் தரைக்குப் போய்விடும். கழுத்து வரை நிரப்பவும் கூடாது, வெயிலில் பெட்ரோல் விரியும், நான் நாலே முக்கால் லிட்டரோடு நிறுத்திவிடுகிறேன். ஏற்றத்தில் போகும்போது தினம் இரண்டு தடவை, எஞ்சின் ஆறிய பிறகு, மூடியை மெல்லத் திருகி உஸ்ஸென்று ஆவியை விட்டுவிட்டு மறுபடி இறுக்க வேண்டும்.

இன்னொன்று, டேங்க் வற்றும் வரை கேனைக் காப்பாற்றி வைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். டேங்கில் ஐந்து லிட்டர் இடம் வந்ததுமே முதல் கேனை ஊற்றிவிடுங்கள். பெட்ரோல் இருக்க வேண்டிய பத்திரமான இடம் டேங்க்தான். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி, அதனாலேயே குளிர்ந்துகொண்டிருக்கிறது, வற்றவிட்டால் அதற்கும் கெடுதல். நான் சர்ச்சுவில் காலையில், காற்று எழுவதற்கு முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வலை வைத்த புனலில் ஊற்றினேன். இரண்டாவது கேன் பாங் தாண்டி, டேங்கில் மறுபடி இடம் வந்த பிறகு.

இந்தத் தடவை தங்லாங் லா திறந்தே இருந்தது. காருவில் நிரப்பும்போது டேங்கில் கிட்டத்தட்ட 12 லிட்டர் மீதி. கேன்கள் காலி. காலி கேனை முழுக் கேனை விட ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும், உள்ளே ஆவிதான் நிறைந்திருக்கும், தீப்பற்ற அது போதும். லேயில் விடுதிக்காரரிடம் கேட்டு, மூடியைத் திறந்து பின்கட்டில் வெளிக்காற்றில் இரண்டு நாள் கவிழ்த்து வைத்தேன். பக்கத்து அறைக்காரர் சிகரெட்டோடு அந்தப் பக்கம் வந்தார், ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும் வாசல் பக்கம் போய்விட்டார்.