கிளட்ச் பிளேட் ஒட்டின ஜீப்: மூணு ஞாயிறு போன கதை

இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன்னால் ஷெட்டில் ஏற்றி நிறுத்திய ஜீப். ஐப்பசி மழையும் ஓய்ந்து மார்கழியில்தான் படுதாவை விலக்கினேன். நம்ம குமரி மாவட்டத்துக்கு வருசத்தில் ரெண்டு மழைக்காலம். குலசேகரம் பக்கம் ரப்பர் விளைக்குள் (தோட்டத்துக்குள்) இருக்கிற ஷெட்டில் ஏழு மாசமாக ஈரம் காயவே இல்லை. புது பேட்டரி போட்டதும் டீசல் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போட்டால் மட்டும் 'கர்ர்ர்'. ஃபர்ஸ்டும் விழவில்லை.

முதல் ஞாயிறு பெடல் பக்கமே போனது. ஃப்ரீ ப்ளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா போகிற தூரம், கூடுதலாக இருந்தது, ஒரு இஞ்சுக்குக் குறைத்தேன். பலனில்லை. மச்சினன் மேலே இருந்து மிதிக்க, நான் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பெடலை மிதித்தால் கிளட்சைத் தள்ளிவிடுகிற ஃபோர்க் ஒழுங்காகத்தான் நகர்ந்தது.

"கியர்பாக்ஸை இறக்கிருவோமா அத்தான்?"

அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். ஜீப்பில் கியர்பாக்ஸ் தனியாக வராது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேசும் சேர்ந்து இறங்கும், அதைக் கொண்டுபோகிற ப்ரொப்பல்லர் ஷாஃப்டை முன்னும் பின்னும் கழற்றணும். அதற்கு முன் எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, அவன் கிளட்சை அமுக்கிப் பிடிக்க, ரப்பர் பால் எடுக்க வந்த ரெண்டு பேரோடு சேர்ந்து தள்ளினேன். வண்டி அசையவில்லை; கிளட்ச் விட்டிருந்தால் உருண்டிருக்கும். கிளட்ச் பிளேட் துருப்பிடித்து, எஞ்சினோடு சுற்றுகிற ஃப்ளைவீலோடு ஒட்டிக்கிடக்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. மச்சினன் ஆயில் ஸ்ப்ரேயோடு வந்தான், கையைத் தட்டிவிட்டேன். பிளேட்டின் உராய்வுப் பரப்பான லைனிங்கில் எண்ணெய் பட்டால் பிறகு கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ரப்பர் மரக்கம்பை முட்டுக்கொடுத்து ஒரு வாரம் விட்டேன். விடவில்லை சவம்.

ரெண்டாவது ஞாயிறு எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணைத்து, பலம் கூடி வேகம் குறைகிற ஃபோர் வீல் லோவில் போட்டு ஸ்டார்ட்டரை அடித்தேன். வண்டி நகர்ந்துகொண்டே ஸ்டார்ட் ஆனது. ஒட்டினது பிய்ந்து வரட்டும் என்று கிளட்சை மிதித்தபடி ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அமுக்கினேன், பிரேக்கும் பிடித்தேன். விளையை மூணு சுற்று சுற்றியதுதான் மிச்சம். மார்த்தாண்டத்தில் பழைய ஜீப் வேலை பார்க்கிற ஒரு அண்ணனுக்கு போன் போட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மக்களே, லோவுல பிரேக் புடிச்சா அந்தச் சுமை பிளேட்டுக்கு எங்கே வரும்? கியரு தின்னுரும். ஹையில போடு, செகண்டுக்கு மேல போடு, கேட்டியா?"

யோசித்தால் சரிதான். கியர் குறையக் குறைய சக்கரத்தில் பலம் கூடும், ஆனால் பிரேக்கின் எதிர்ப்பு பிளேட்டுக்குக் குறைவாகத்தான் வந்து சேரும்.

மூணாவது ஞாயிறு ஹை, செகண்ட், ஆள் நடமாட்டம் இல்லாத சமதளம். கிளட்ச் விடாத வண்டியைச் சட்டென்று நிறுத்த வேண்டி வரலாம் என்பதால் ஒரு கை, எஞ்சினை அணைக்கிற ஸ்டாப் நாபிலேயே இருந்தது. கொஞ்சம் வேகம் எடுத்து, கிளட்சை அடிவரை மிதித்து பிரேக்கை ஒரே அமுக்கு. எஞ்சின் திணறியது. ரெண்டாவது தடவையும் அதே. மூணாவதில் கீழே 'டப்'. வண்டி நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மச்சினன் அடித்த விசில் விளை முழுக்கக் கேட்டிருக்கும்.

கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் விரலை விட்டேன், செங்கல் பொடி போலத் துரு. பேச்சிப்பாறை ரோட்டில் ஏற்றத்தில் கொஞ்சம் கிளட்சை இழுபறியாக விட்டு ஓட்டினதில் கிளட்சை விடும்போது வந்த நடுக்கம் பாதி குறைந்தது. ரிவர்ஸ் இன்னும் லேசாகக் கடிக்கிறது. ரப்பர் கம்பு இப்போது சீட்டுக்கு அடியிலேயே கிடக்கிறது.