'போனவில்லை' என்று சொல்வோமா?

தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறேன். 'டிட்' வந்தால் வினைச்சொல்லின் முதல் வடிவமே வர வேண்டும் என்ற விதியைத் தொடக்கத்தில் ஐம்பது முறை எழுத வைத்தேன். எழுதி முடித்த கையோடு ஒரு மாணவி 'ஹி டிட் நாட் வென்ட்' என்று எழுதிக் காட்டினாள். விதி மனப்பாடமாகியிருந்தது; அது பற்றிக்கொள்ள ஒரு கொழுகொம்பை நான் தரவில்லை.

மறுநாள் கரும்பலகையில் 'போனான்' என்று எழுதி, எதிர்மறையாக்கச் சொன்னேன். 'போகவில்லை' என்றார்கள். 'போனவில்லை' என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது. 'இல்லை' வந்து சேர்ந்ததும் 'போனான்' தன் காலத்தையும் 'ஆன்' விகுதியையும் களைந்துவிட்டு வெறும் 'போக' என்று நிற்பதைப் போலவே, 'டிட் நாட்' வந்ததும் 'வென்ட்' என்பது 'கோ' ஆகிறது. 'டஸ் நாட்' வந்தால் 'கோஸ்' தன் இறுதி ஒலியை இழக்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் காலத்தையும் எண்ணையும் துணைவினை சுமக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. இப்போது யாராவது தவறினால், பக்கத்தில் இருப்பவரே 'போனவில்லை' என்று முணுமுணுத்துத் திருத்திவிடுகிறார்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ' (a), 'ஆன்' (an) இரண்டுக்கும் நம் 'ஒரு மரம்', 'ஓர் இலை' போதும். ஆங்கிலச் சொல்லை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதி, முதலெழுத்து உயிரா என்று பார்க்கச் சொல்வேன். 'யூனிவர்சிட்டி'யின் ஆங்கில முதலெழுத்து உயிரெழுத்தே ஆனாலும் ஒலியில் 'யூ' என்பதால் 'ஏ' வரும்; 'எம்.எல்.ஏ.' என்பது 'எ'யில் தொடங்குவதால் 'ஆன்' வரும். உச்சரிப்பு பிசகினால் இந்த வழி காலை வாரிவிடும் என்பதால், 'எக்' என்பதை 'யெக்' என்று சொல்லும் பழக்கத்தை முதலில் மாற்ற வேண்டியிருக்கிறது.

கற்றது நாளாக ஆக எப்படி மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-இல் எழுதினார். அதனால் ஒரே கேள்வியை மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் நோட்டை மூடிவைத்துக் கேட்கிறேன்.

ஆங்கிலத்தின் 'த' (the) மட்டும் இன்னும் வசப்படவில்லை. 'அந்த' என்று சேர்த்துப் பார்த்தால் பல இடங்களில் பொருந்துகிறது. ஆனால் ஆங்கிலத்தில் 'த சன்' என்கிற சூரியனைத் தமிழில் யாரும் 'அந்தச் சூரியன்' என்பதில்லை. அதற்காக நாள்தோறும் ஒரு பத்தியை உரக்கப் படிக்க வைத்து, 'த' வரும் இடங்களில் கோடிடச் சொல்கிறேன்.