இன்னைக்கு யாரு திருநாள்?

பாஸ்கா திரியை இடம் மாற்ற இரண்டு பேர் வேண்டும். 2025 ஜூன் 8, பாஸ்கா காலத்தை முடித்துவைக்கும் தூய ஆவியாரின் பெருவிழா. மாலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பிறகு, கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை என்னைக் கைகாட்டி அழைத்தார். “தம்பி, தண்டோட அடியைப் பிடிங்க. மெழுகு ஒட்டும், பாத்து.”

உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தைய இரவில், கோயில் முழுக்க இருட்டாக இருந்தபோது, புதுத் தீயிலிருந்து பற்றவைத்த திரி அது. நடுவில் சிலுவை, அகரம், னகரம், ஆண்டின் நான்கு எண்கள், ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகள். ஐம்பது நாளில் ஒரு சாண் எரிந்து குறைந்திருந்தது. பீடத்தின் பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்தி, திருமுழுக்குத் தொட்டிக்கு அருகே நிறுத்தினோம். இனி அதற்கு முக்கியமாக இரண்டு வேலைதான். யாருக்காவது திருமுழுக்கு என்றால் ஏற்றுவார்கள். யாராவது இறந்துபோனால் சவப்பெட்டியின் பக்கத்தில் ஏற்றுவார்கள்.

அது நின்ற இடம் வெறுமையாகத் தெரிந்தது. மறுநாள் முதல் பொதுக்காலம், குருவுக்குப் பச்சை உடை. சின்ன வயதிலிருந்தே இந்த மாலை எனக்குக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். தவக்காலம், புனித வாரம், பாஸ்கா என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடிய ஓட்டம் ஒரே மாலையில் நின்றுவிடும்.

அந்த ஆண்டு வேறொரு கனமும் இருந்தது. 2025 கத்தோலிக்கத் திரு அவையின் யூபிலி ஆண்டு, சிறப்பான அருளின் ஆண்டு. ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்பது அதன் விருதுவாக்கு. உரோமைக்குப் போய், யூபிலிக்காகத் திறக்கும் புனிதக் கதவு வழியாக நடந்துவர வேண்டும் என்று பல வருடமாக ஆசைப்பட்டிருந்தேன். ஆனால் அம்மா படுத்த படுக்கை. ஒரு நாள்கூட வெளியில் தங்க முடியாது. பயணம் போகிறவர்களை வழியனுப்பிவிட்டு வந்த அன்று பங்குத்தந்தையிடம் என் குறையைச் சொன்னேன். அவர் யூபிலிக்கான திருப்பீட விதிமுறைகளை எடுத்து வாசித்துக் காட்டினார். நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், தனித்துவிடப்பட்ட முதியோர் ஆகியோரைச் சந்தித்து அவர்களோடு நேரம் செலவிடுவது, அவர்களில் இருக்கும் கிறிஸ்துவிடம் திருப்பயணம் போவதைப் போன்றது என்றும், உரிய நிபந்தனைகளோடு யூபிலியின் பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை, அதற்கும் உண்டு என்றும் அதில் இருந்தது. “உங்க புனிதக் கதவு உங்க வீட்டுல இருக்கு” என்றார். அன்றைக்கு அதை ஆறுதல் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சரி, அந்த ஜூன் மாதத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு நினைவு முன்பின்னாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் நான் திருப்பலி முடித்து வந்து நின்றால் முதல் கேள்வி மாறாது. “இன்னைக்கு யாரு திருநாள்?” பதில் சொல்வதற்காகவே திருவழிபாட்டு நாள்காட்டியைத் தினமும் பார்க்க ஆரம்பித்தேன். இத்தனை வருடம் கோயிலுக்குப் போனவன், பாஸ்காவுக்குப் பின்னால் திருநாள்கள் எப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருகின்றன என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பச்சை தொடங்க வேண்டிய திங்கட்கிழமையே வெள்ளை உடை. அது திரு அவையின் அன்னை மரியாவின் நினைவு. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் பொது நாள்காட்டியில் சேர்த்தது. அவர் 2025 ஏப்ரல் 21இல், உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள்தான் இறைவனடி சேர்ந்திருந்தார். புதன்கிழமை பர்னபா. ஊக்கம் கொடுப்பவர் என்று திருத்தூதர்களே பெயர் வைத்த மனிதர். வெள்ளிக்கிழமை, 13ஆம் தேதி, புனித அந்தோணியார். “அந்தோணியாரா!” என்று அம்மா கையை உயர்த்தப் பார்த்தார். லிஸ்பனில் பிறந்து, 1231இல் பதுவைக்கு அருகே, ஏறக்குறைய 36 வயதில் இறந்தவர். ஒரு வருடம்கூட முடியவில்லை, 1232 மே 30இல் புனிதர் பட்டம். அந்தோணியார் என்றால் காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறோம். அவர் பெரிய விவிலிய அறிஞர், 1946 முதல் திரு அவையின் மறைவல்லுநர் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

மூவொரு கடவுள் பெருவிழா ஜூன் 15. மறையுரைக்குச் சிரமமான நாள் என்று குருக்களே சொல்வார்கள். நம்பிக்கை அறிக்கைக்கு அடித்தளமிட்ட நீசேயா சங்கம் கூடி அந்த வருடம் 1700 ஆண்டுகள் என்பதால் நம்பிக்கை அறிக்கையை நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொன்னார் பங்குத்தந்தை. ‘ஒளியினின்று ஒளியாக’ என்ற இடம் வந்தபோது கண் தானாகத் திருமுழுக்குத் தொட்டிப் பக்கம் போனது. திரி அணைந்துதான் இருந்தது. மூன்று நாளுக்கு முன்னால் ஒரு பெரியவரின் அடக்கத் திருப்பலியில் அதை ஏற்றியிருந்தார்கள்.

ஜூன் 22, ஆண்டவரின் திருஉடல், திருஇரத்தப் பெருவிழா. இந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த விழா ஒரு பெண்ணின் மனக்குறையிலிருந்து பிறந்தது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் நகரத்து ஜூலியானா, அனாதையாக மடத்தில் வளர்ந்தவர். இளம் வயதிலிருந்தே செபத்தில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தது. முழு நிலவு, அதன் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. நிலவு என்பது திரு அவை, அந்தக் கோடு என்பது கிறிஸ்துவின் உடலாக நாம் ஏற்கும் நற்கருணைக்கென்று தனியாக ஒரு விழா இல்லாத குறை என்று பிறகு புரிந்துகொண்டார். வருடக்கணக்கில் அதை யாரிடமும் சொல்லவில்லை. 1246இல் லியேஜ் ஆயர் தன் மறைமாவட்டத்தில் விழாவை ஏற்படுத்தினார். அப்புறம் ஜூலியானாவுக்கு மடத்தில் எதிர்ப்பு, வெளியேற்றம், அலைச்சல். 1258இல் ஊர்விட்டு ஊரில் இறந்தார். ஆறு வருடம் கழித்து, முன்பு லியேஜில் பணியாற்றிய ஒரு குரு நான்காம் உர்பான் என்ற பெயரில் திருத்தந்தையாக இருந்தார். 1264இல் உலகம் முழுவதற்கும் விழாவை அறிவித்தார். இந்த விழாவைக் கொண்டாடும் ஒவ்வொரு முறையும் ஜூலியானாவை நினைத்து ஒரு அருள்நிறை மரியே சொல்கிறேன். கேட்டது உலகம் முழுவதும் கிடைத்ததைப் பார்க்காமலே போனவர் அல்லவா!

அன்று மாலை நற்கருணைப் பவனி. மதியமே கோயில்பிள்ளை, நற்கருணையை வைத்து ஏந்திச் செல்லும் கதிர்ப்பாத்திரத்தைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். மெல்லிய துணியை விரல் நுனியில் சுற்றி, ஒவ்வொரு கதிராக, அடியிலிருந்து நுனிக்கு. நடுவில் உள்ள கண்ணாடியில் மட்டும் மூச்சுக்காற்று படாமல் தலையைத் திருப்பிக்கொண்டார். இவ்வளவு அழகாக யாரும் செபித்து நான் பார்த்ததில்லை. பவனியில் பீடச்சிறுவர்கள் தூபக்கலசம் ஆட்ட, பங்குத்தந்தை தோள்துகிலால் கைகளை மூடி ஆண்டவரை ஏந்தி வர, தெருவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வெயில் இறங்கியும் வெளிச்சம் போகாத நேரம் அது. ஆண்டில் மிக நீண்ட பகல்கள் அந்த வாரத்தில்தானே.

ஆனால் எனக்கு அன்று இன்னொரு பவனியும் இருந்தது. நான் எங்கள் பங்கில் நற்கருணை வழங்கும் பணியாளன். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் சிறு பேழை ஒன்றில் நற்கருணை வைத்துத் தருவார்கள். கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டும். கால் மணி நேர நடை. வழியில் யாரோடும் பேசுவதில்லை. தூபமும் மணியும் கிடையாது, யாரும் எழுந்து நிற்பதில்லை, யாருக்கும் தெரியாது. வேகமாகப் போகிற வண்டிகளுக்கு ஒதுங்கி ஓரமாக நடப்பேன்.

வீட்டில் அம்மாவின் கட்டிலருகே சின்ன மேசை, வெள்ளைத் துணி, மெழுகுதிரி. முழு அப்பத்தை அவரால் விழுங்க முடியாது. ஓரத்தில் கிள்ளினால் நகத்தளவுகூட வராத துண்டு ஒன்றை எடுத்து, “கிறிஸ்துவின் திருவுடல்” என்பேன். “ஆ…” என்று வாய் திறக்கும். ‘மென்’ வராது. நாவில் வைத்துவிட்டு ஒரு கரண்டி தண்ணீர். தொண்டை ஏறி இறங்கும் வரை பார்த்துக்கொண்டே நிற்பேன். மீதித் துண்டை நான் உட்கொள்வேன். ஒரே அப்பத்தை அம்மாவும் நானும் பகிர்கிறோம் என்பது அந்த ஞாயிறுதான் என் புத்தியில் உறைத்தது. பங்குத்தந்தை சொன்ன கதவைப் பற்றி அன்றுதான் உண்மையாக யோசித்தேன். இருபது வாரமாக அதே பாதையில் திருப்பயணம் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

24ஆம் தேதி திருமுழுக்கு யோவானின் பிறப்பு. ஆண்டவருக்கும் மரியாவுக்கும் அடுத்து, பிறந்தநாளையே திருவிழாவாக வைத்துக் கொண்டாடுவது இவருக்கு மட்டும்தான். கிறிஸ்து பிறப்புக்கு ஆறு மாதம் முன்னால், வட அரைக்கோளத்தில் பகல் குறையத் தொடங்கும் நாள்களில் வருகிறது. “அவரது செல்வாக்குப் பெருக வேண்டும், எனது செல்வாக்குக் குறைய வேண்டும்” என்று சொன்னவருக்குப் பொருத்தமான தேதி. புனித அகுஸ்தினார் காலத்திலேயே இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வெள்ளி, ஜூன் 27, இயேசுவின் திருஇதயப் பெருவிழா. பிரான்சில் பாரே-லெ-மோனியால் மடத்தில் புனித மார்கரீத் மரியாவுக்கு 1673 முதல் 1675 வரை கிடைத்த காட்சிகளின் 350ஆம் ஆண்டு யூபிலியும் அன்றோடு நிறைவடைந்தது. இந்த விழா 1856இல்தான் உலகம் முழுவதற்கும் வந்தது. ஜூலியானாவைப் போல மார்கரீத்தும் அந்த நாளைப் பார்க்கவில்லை. குருக்களுக்காகச் செபிக்கும் நாளும் இதுவே. அன்று பங்குத்தந்தையை நினைத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும், எல்லாரும் திருப்பலிக்குப் போக வேண்டிய கடன் திருநாள்தோறும் பங்கு மக்களுக்காகவே ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பது திருச்சட்டம் அவருக்கு விதித்த கடமை. காணிக்கை, கருத்து எதுவும் இல்லாமல், கோயிலுக்கு வந்தவர், வராதவர் எல்லாருக்குமாக. இது நம்மில் பலருக்குத் தெரியாது. வாரம் தவறாமல் நமக்காக ஒருவர் பீடத்தில் நிற்கிறார்.

ஜூன் 29, புனிதர்கள் பேதுரு, பவுல். ஞாயிறாகவும் அமைந்துவிட்டதால் கோயில் முழுக்கச் சிவப்பு. திருப்பலிக்குப் பின் ஒரு பெண் குழந்தைக்குத் திருமுழுக்கு. கோயில்பிள்ளை பாஸ்கா திரியை ஏற்றப் போனார். முதல் முறை பற்றவில்லை. திரிநூல் மெழுகில் புதைந்திருந்தது. சிறு கத்தியால் கீறி, நூலை நிமிர்த்தி, மறுபடி தீயைக் காட்டியதும் சுடர் நீலமாக நின்று பிறகு மஞ்சளாக எழுந்தது. குழந்தையின் ஞானத்தகப்பன் அதில் தன் மெழுகுதிரியைப் பற்றவைத்தார். கை நடுங்கியது. அந்தப் பெரியவரை வழியனுப்பிய அதே சுடர்தான்.

மறுநாள் திங்கள். பச்சை வரும் என்று போனேன், அன்றும் சிவப்பு உடைதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்.

“இன்னைக்கு யாரு திருநாள்?”

“உரோமையோட முதல் மறைசாட்சிகள், அம்மா. நீரோ காலத்துல கொல்லப்பட்டவங்க. நிறைய பேரு. யாரு பேரும் தெரியாது.”

கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்துப் போர்வையைச் சரிசெய்தேன்.

“பேரு தெரியாட்டி என்ன? அவங்களுக்கும் ஒரு திரி ஏத்திட்டு வா.”

சரிம்மா என்று சொல்லி, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன்.