புல்லுக்கு நடுவுல பனமரம்: ஓஎஃப்டிஎம் பீக் பத்தி கொஞ்சம்

காலேஜ் ப்ராஜெக்ட் பண்றப்போ ஆக்டேவ்ங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல முதல் தடவையா ஒரு ஓஎஃப்டிஎம் சிம்பல் (டேட்டாவை நிறைய சின்ன அலைகள்ல பிரிச்சு ஒண்ணா அனுப்பற முறை ஓஎஃப்டிஎம், அதுல ஒரு தடவை அனுப்பற துண்டு சிம்பல்) போட்டு ப்ளாட் பண்ணிப் பாத்தேன், புல்லு மாதிரி சீரா இருக்கும்னு நெனச்சா நடுவுல பனமரம் மாதிரி ஒண்ணு நிக்குது, ப்ரோக்ராம் கோடுல தப்புன்னு ரெண்டு நாள் தேடினேன். தப்பே இல்ல, சிக்னலே அப்படித்தான்.

எல்டிஇல, அதாவது 4ஜில, 20 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்கு இந்த மாதிரி சின்ன அலை, அதாவது சப்கேரியர், 1200. பெரும்பாலும் ஒண்ணு ஏறுறப்போ இன்னொண்ணு இறங்கி சரியாயிடும், ஆனா நிறைய ஒண்ணா ஏறிட்டா பவர் சராசரியைவிட 8, 10 மடங்கு சாதாரணமா போயிடும், ஆயிரத்துல ஒரு சிம்பல் 15 மடங்கைக்கூட தொடும். பீக் பவர் சராசரியைவிட எத்தனை மடங்குங்கற இந்த அளவைத்தான் பிஏபிஆர்ங்கறாங்க.

அடி விழறது பவர் ஆம்ப்ளிஃபயருக்கு. அந்த ஒரு பீக்குக்காக எப்பவுமே லிமிட்டுக்கு ரொம்ப கீழ ஓட்டணும், பொங்கலுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்காக வருஷம் பூரா பத்து ரூம் வீட்டுக்கு வாடகை கட்டுற மாதிரி, கரண்ட்ல பாதிக்கு மேல சூடா போகுது.

சரி, பீக்கை வெட்டிடலாமே? வெட்டலாம், கிளிப்பிங்னு அதுதான் ரொம்ப பேர் பண்றது. ஆனா வெட்டின இடத்துல வர்ற இரைச்சல் பக்கத்து சேனலுக்குப் போகுது, அதை ஃபில்டர் பண்ணா பீக் மறுபடி தலை தூக்குது, திரும்ப வெட்டு, திரும்ப ஃபில்டர், இப்படி மூணு நாலு ரவுண்டு. நம்ம சேனலுக்குள்ள விழுந்த இரைச்சல் மட்டும் எங்கயும் போகாது, அது இவிஎம்ல, அதாவது சிக்னல் எவ்வளவு பிசகியிருக்குன்னு சொல்ற அளவுல, ஏறிடும். எல்டிஇ பேஸ் ஸ்டேஷனுக்கு 64 க்வாம்ல (ஒரு சப்கேரியர்ல 64 விதமான நிலைல ஒண்ணை அனுப்பற முறை) 8 சதவீதம் வரைக்கும் விடுவாங்க, 256 க்வாம்னா 3.5 தான், அதாவது ஸ்பீடு கூட கூட வெட்டறதுக்கு இடமே கெடைக்காது. தகவல் அனுப்பாம சில சப்கேரியரை ஒதுக்கி வெச்சு பீக்குக்கு எதிரா ஓட்டற டோன் ரிசர்வேஷன் எனக்கு ரொம்ப பிடிக்கும், டிவிபி-டி2 டிவி ஒளிபரப்புல அது இருக்கு, ஆனா மொபைல்ல ஸ்பெக்ட்ரம் விலைக்கு அப்படி சும்மா ஒதுக்க மனசு வராது.

டவர்ல டிஜிட்டல் ப்ரீடிஸ்டார்ஷன் (ஆம்ப்ளிஃபயர் பண்ற கோணலுக்கு எதிர் கோணலை முன்னாடியே சேக்கறது), டோஹெர்ட்டி ஆம்ப்ளிஃபயர் (பீக் வர்றப்போ மட்டும் இன்னொரு ஆம்ப்ளிஃபயர் கூட சேர்ற டிசைன்)னு செலவு பண்ணி சமாளிக்கலாம், 200 மில்லிவாட் அனுப்பற போன் பாவம் என்ன பண்ணும்? அதனாலதான் எல்டிஇ அப்லிங்க்ல (போன்லேர்ந்து டவருக்குப் போற பக்கம்) டேட்டாவை முதல்ல டிஎஃப்டிங்கற ஒரு கணக்குல போட்டு பரப்பிட்டு அப்புறம் சப்கேரியர்ல ஏத்தறாங்க, இதுக்குப் பேர் எஸ்சி-எஃப்டிஎம்ஏ, இதனால பீக் 2, 3 டெசிபெல் கம்மியாகுது. கேக்க சின்ன நம்பர்தான், ஆனா 3 டெசிபெல்னா ரெண்டு மடங்கு, டவரை விட்டு தள்ளி நிக்கிறவங்க போன் கால் கட்டாகாம போறதுக்கு அது போதும். 5ஜி அப்லிங்க்ல சாதா ஓஎஃப்டிஎம்மும் வந்துடுச்சு, ஆனா இந்த டிஎஃப்டி வழியையும் தூக்கல, செல் ஓரத்துல இருக்கிற போனுக்கு இன்னிக்கும் அதுதான் கை கொடுக்குது.